இம்பீச்மென்ட் ஆனால் பதவி போய்விடுமா? டெக்சாஸ் கதையை வைத்து ஒரு விளக்கம்

2019 டிசம்பரில் ஒரு காலை எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா "டிரம்ப் வீட்டுக்குப் போயாச்சு" என்று போட்டார், கூடவே கையசைக்கும் ஒரு பொம்மை. அன்றைக்கும் சரி, மறுநாளும் சரி, அந்த மனிதர் வெள்ளை மாளிகையிலேயேதான் இருந்தார். 2021 ஜனவரியில் மறுபடியும் அதே மாதிரி செய்தி வந்தது. இந்த முறை சித்தப்பா உஷாராகிவிட்டார். "ஒருதடவை நீக்கின ஆளை இன்னொரு தடவை எப்படிப்பா நீக்குவாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தப்பு சித்தப்பா மேல் இல்லை, மொழிபெயர்ப்பின் மேல்.

வார்த்தையில் தொடங்கும் குழப்பம்

இம்பீச்மென்ட் என்ற சொல்லுக்கு நம் செய்திகளில் பெரும்பாலும் 'பதவி நீக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்பார்கள். தலைப்பில் இடம் போதாதபோது தீர்மானம் காணாமல் போய் நீக்கம் மட்டும் மிஞ்சும். ஆனால் அமெரிக்க முறையில் இம்பீச்மென்ட் என்பது குற்றம் சாட்டுவது மட்டுமே. நம் ஊர் கணக்கில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போல. தாக்கல் ஆன அன்றே யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிட மாட்டோம், வழக்கு நடக்க வேண்டும், தீர்ப்பு வர வேண்டும்.

அங்கே குற்றப்பத்திரிகையை எழுதுவது கீழவை. விசாரித்துத் தீர்ப்பு சொல்வது மேலவையான செனட். கிளிண்டனை 1998இல் கீழவை இம்பீச் செய்தது, 1999இல் செனட் விடுவித்தது. டிரம்ப் இரண்டு முறை இம்பீச் ஆனார், இரண்டு முறையும் செனட்டில் தப்பித்தார். இன்றுவரை எந்த அமெரிக்க அதிபரும் இந்த வழியில் பதவி இழந்தது கிடையாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் இம்பீச்மென்ட் என்றே எழுதப் போகிறேன், தமிழ்ச் சொல் தேடிக் குழப்பத்தைக் கூட்ட விருப்பமில்லை.

அதிபர் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இந்த முறை எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் மாநிலத்துக்கு இறங்கிப் பார்ப்பது நல்லது, அங்கே எல்லாம் சின்ன அறைக்குள் நடக்கும், யார் யாருக்கு வேண்டியவர் என்பதும் பளிச்சென்று தெரியும். 2023இல் டெக்சாஸ் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் கென் பேக்ஸ்டன் மீது நடந்த விசாரணையைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

முதலில் ஒரு அபார்ட்மென்ட் சங்கம்

ஒரு குடியிருப்பில் 31 வீடுகள். சங்கச் செயலாளர் மேல் புகார்: தனக்கு வேண்டிய கான்ட்ராக்டருக்குச் சலுகை காட்டினார், தட்டிக்கேட்ட வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பினார். நிர்வாகக் குழு கூடிப் புகார்ப் பட்டியல் எழுதுகிறது. அப்புறம் 31 வீட்டுக்காரர்களும் கூடி முடிவு செய்ய வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால்தான் செயலாளர் போவார்.

இப்போது அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செயலாளருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவரைப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருடம் தாங்களே செயலாளர் ஆக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிங் தகராறில் அவர் உதவியை நாடியவர் ஒருவர் இருக்கிறார். செயலாளருடைய மனைவியும் இருக்கிறார், ஏனென்றால் வீடு அவர் பெயரில். இவர்கள் எல்லோரும் 'நடுநிலையாக' ஆதாரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கோர்ட்டில் நீதிபதிக்குக் குற்றம் சாட்டப்பட்டவரோடு பழக்கம் இருந்தால் அவர் விலகிக்கொள்வார். இங்கே எல்லோரும் விலகிவிட்டால் கூட்டமே நடக்காது. இம்பீச்மென்ட் விசாரணைக்கும் நீதிமன்ற விசாரணைக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். சாட்சி, குறுக்கு விசாரணை, ஆட்சேபணை எல்லாம் அங்கேயும் உண்டு, பார்ப்பதற்கு கோர்ட் மாதிரியே இருக்கும். ஆனால் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அரசியல்வாதிகள், அவர்கள் அடுத்த தேர்தலில் நிற்க வேண்டியவர்கள்.

இதுவரை: கீழவை குற்றம் சாட்டும், அதன் பெயர் இம்பீச்மென்ட். செனட் விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் பதவி போகும். இது கோர்ட் இல்லை, கோர்ட் போல நடக்கும் சட்டசபை.

யார் இந்த அட்டர்னி ஜெனரல்

தமிழ்நாட்டில் அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார், ஆட்சி மாறினால் அவரும் மாறுவார், தெருவில் நாலு பேரைக் கேட்டால் பெயர் தெரியாது. டெக்சாஸில் அப்படி இல்லை. அட்டர்னி ஜெனரல் மக்கள் ஓட்டில் வருகிறவர். ஆளுநர் நினைத்தாலும் அவரை அனுப்ப முடியாது. பேக்ஸ்டன் ரிபப்ளிகன் கட்சிக்காரர், 2015 ஜனவரியில் பதவிக்கு வந்தார், 2018, 2022 என்று மறுபடியும் ஜெயித்தார். ஒபாமா, பைடன் அரசுகள் மீது வழக்கு மேல் வழக்கு போட்டதில் கட்சியின் தீவிரத் தொண்டர்களிடம் நல்ல பெயர். 2020 தேர்தல் முடிவை எதிர்த்து வேறு நான்கு மாநிலங்கள் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவரும் இவர்தான். அந்த வழக்கு நிற்கவில்லை, ஆனால் டிரம்ப் அதை மறக்கவில்லை.

பிரச்சினை 2020 இலையுதிர் காலத்தில் வெடித்தது. அவருடைய அலுவலகத்தின் மூத்த அதிகாரிகள் எட்டு பேர், பெரும்பாலும் அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த வலதுசாரி வழக்கறிஞர்கள், எஃப்.பி.ஐ.யிடம் போய் அவர் மீதே புகார் கொடுத்தார்கள். ஆஸ்டின் நகர ரியல் எஸ்டேட் புள்ளி நேட் பால் என்பவருக்காகத் தன் பதவியைப் பயன்படுத்தினார், பதிலுக்குத் தன் வீட்டு மராமத்து உட்பட சில உதவிகள் பெற்றார் என்பது புகாரின் சாரம். நேட் பால் பேக்ஸ்டனுக்குத் தேர்தல் நன்கொடை கொடுத்தவர், 2019இல் எஃப்.பி.ஐ. சோதனைக்கு ஆளானவர். பேக்ஸ்டன் எல்லாவற்றையும் மறுத்தார், இன்றும் மறுக்கிறார்.

புகார் கொடுத்தவர்களில் நான்கு பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், அதற்காக வழக்குப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் 33 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார் பேக்ஸ்டன். சரி, முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனால் அந்தப் பணத்தை யார் கொடுப்பது? அரசுக் கஜானாவிலிருந்து ஒதுக்குங்கள் என்று சட்டசபையைக் கேட்டார்.

முழுக் கதையின் திருப்பமே இந்த ஒரு கோரிக்கைதான். எதற்காக இவ்வளவு பணம் கேட்கிறார் என்று கீழவையின் விசாரணைக் குழு சத்தமில்லாமல் தோண்ட ஆரம்பித்தது. அவர் பணம் கேட்டிருக்காவிட்டால் இம்பீச்மென்ட்டே வந்திருக்காது என்று அந்தக் குழுவே பின்னால் எழுதியது.

மே மாதக் கடைசி வாரம்

குழு வேலை செய்வது வெளியே தெரியாமலே இரண்டு மாதம் போனது. மே 23, செவ்வாய்க்கிழமை. பேக்ஸ்டன் திடீரென்று ஒரு அறிக்கை விட்டார்: கீழவை சபாநாயகர் டேட் ஃபீலன் சபையை நடத்தும்போது குடித்திருந்தார், பதவி விலக வேண்டும். ஃபீலனும் ரிபப்ளிகன்தான். சொந்தக் கட்சிக்காரர் மேல் எதற்கு இந்தப் பாய்ச்சல் என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்ச நேரத்தில் விசாரணைக் குழு பேக்ஸ்டனைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி வெளியே வந்தது. முந்திக்கொண்டு அடித்துவிட்டார், இனிமேல் ஃபீலன் என்ன செய்தாலும் 'பழிவாங்குகிறார்' என்று சொல்லிக்கொள்ளலாம். அரசியலில் இது பழைய வித்தை, ஆனால் நேரம் பார்த்து ஆடினால் இன்றும் பலிக்கும்.

மறுநாள் விசாரணை அதிகாரிகள் குழுவின் முன் பொதுவில் மணிக்கணக்காகப் பேசினார்கள். வியாழக்கிழமை 20 குற்றச்சாட்டுகள் கொண்ட தீர்மானம் வந்தது. மே 27, சனிக்கிழமை, நாலு மணி நேர விவாதம், ஓட்டெடுப்பு. 121 பேர் ஆதரவு, 23 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் 60 பேர் ரிபப்ளிகன்கள்.

விவாதம் நடக்கும்போதே பேக்ஸ்டன் சில உறுப்பினர்களை போனில் கூப்பிட்டு அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டினார் என்று சார்லி கெரன் என்ற உறுப்பினர் சபையிலேயே எழுந்து சொன்னார். டிரம்ப் தன் சமூக வலைத்தளத்தில், இதை நிறுத்தாவிட்டால் உங்களோடு சண்டை போடுவேன் என்று எழுதினார். அப்படியும் 60 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

கீழவை பக்கம் ஒரு பலவீனமும் இருந்தது. அவசரம். கூட்டத்தொடர் முடிய இரண்டே நாள்தான் பாக்கி. பேக்ஸ்டன் தரப்பு பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை, விசாரணை அதிகாரிகள் பேசிய சாட்சிகளிடமும் சத்தியப்பிரமாணம் வாங்கவில்லை. குற்றப்பத்திரிகை எழுதும் கட்டத்தில் இதெல்லாம் கட்டாயம் இல்லை என்பது சட்டப்படி சரிதான். ஆனால் பின்னால் செனட்டில் இந்த அவசரத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிறு விலக்கு, சித்தப்பாவுக்காக. டெக்சாஸ் அரசியல் சட்டப்படி, கீழவை இம்பீச் செய்த உடனே அந்த ஆள் தற்காலிகமாகப் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்படுவார், நம் ஊர் சஸ்பென்ஷன் மாதிரி. அதிபருக்கு அப்படி இல்லை. அதனால் பேக்ஸ்டன் அன்றே அலுவலகத்தை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று, இடைக்காலத்துக்கு வேறொருவரை ஆளுநர் கிரெக் ஆபட் நியமித்தார். பதவி போகவில்லை, ஆனால் நாற்காலியில் உட்காரவும் முடியாது.

21 என்ற எண்

இனி செனட். மொத்தம் 31 பேர், 19 ரிபப்ளிகன்கள், 12 டெமாக்ரட்டுகள். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது சட்டம். 31 பேரும் வந்தால் 21 ஓட்டு வேண்டும். 12 டெமாக்ரட்டுகளும் எதிராக ஓட்டுப் போட்டால்கூட 9 ரிபப்ளிகன்கள் சேர வேண்டும்.

அந்த 31 பேரில் ஒருவர் ஆஞ்சலா பேக்ஸ்டன். கென் பேக்ஸ்டனின் மனைவி. ஆமாம், நம் அபார்ட்மென்ட் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அதே மனைவிதான். நான் சும்மா சேர்க்கவில்லை.

குற்றச்சாட்டுகளில் கணவரின் திருமணம் தாண்டிய உறவு பற்றிய விஷயமும் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு மனைவி தீர்ப்புச் சொல்வதா? கூடாது என்று பலர் சொன்னார்கள். இல்லை, என் தொகுதி மக்களுக்காக நான் என் கடமையைச் செய்வேன் என்று அவர் சொன்னார். ஜூன் மாதம் செனட் விதிகளை நிறைவேற்றியது. அவர் சபையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் ஓட்டுப் போடக் கூடாது, ஆலோசனையிலும் கலந்துகொள்ளக் கூடாது.

கேட்பதற்கு நியாயமான நடுவழி. இப்போது கணக்கைப் போடுங்கள். அவர் 'வந்திருப்பவர்' என்ற எண்ணிக்கையில் இருக்கிறார், அதனால் தேவை 21தான். ஆனால் ஓட்டுப் போடக்கூடியவர்கள் 30 பேர்தான். அவரை எண்ணிக்கையிலிருந்தே எடுத்திருந்தால் 20 போதும். ஆக அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதே கணவருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டதற்குச் சமம். சட்டப்படி எல்லா உறுப்பினரும் வர வேண்டும் என்பதால் வேறு வழியில்லை என்பது விதி எழுதியவர்களின் வாதம், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இம்பீச்மென்ட்டில் சண்டை ஆதாரத்தில் தொடங்குவதில்லை, எண்ணிக்கையில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே கணக்கு நமக்கும் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீது 1993 மே மாதம் மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தை அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்பது புகார். ஆதரவாக 196 ஓட்டு. எதிராக எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றது. காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து 205 பேர் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது நம் சட்டம், அதனால் சும்மா இருந்தாலே போதுமானதாக இருந்தது. 'அவரைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டீர்களா?' என்று நாளைக்கு யாராவது கேட்டால், இல்லையே என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை: தேவையான எண்ணிக்கை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே பாதி முடிவு. ஓட்டுப் போடாதவரும் சில சமயம் ஒரு பக்கத்துக்கு உதவுகிறார்.

விதியை எழுதும் கை

செனட்டுக்குத் தலைமை வகிப்பவர் டெக்சாஸின் துணை ஆளுநர் டான் பேட்ரிக். அவர்தான் இந்த விசாரணையின் நீதிபதி போல. வழக்கறிஞர் அல்ல, ஒருகாலத்தில் வானொலியில் அரசியல் பேசிய ஆள், பேக்ஸ்டனின் கட்சிக்காரர், டிரம்ப்பின் நெருங்கிய ஆதரவாளர். சட்ட ஆலோசனைக்கு முன்னாள் நீதிபதி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பேக்ஸ்டன் ஆதரவாளர்களின் 'டிஃபெண்ட் டெக்சாஸ் லிபர்ட்டி' என்ற அரசியல் நிதி அமைப்பிலிருந்து, விசாரணைக்கு முந்தைய ஜூன் மாதத்தில், பேட்ரிக்கின் பிரசாரக் கணக்குக்கு 10 லட்சம் டாலர் நன்கொடையும் 20 லட்சம் டாலர் கடனும் வந்தது. அவருக்கு அடுத்த தேர்தல் 2026இல்தான். சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சாதாரண கோர்ட்டில், வழக்கு நடக்கப் போகும் நேரத்தில் நீதிபதிக்கு ஒரு தரப்பின் நண்பர்கள் இவ்வளவு பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பேட்ரிக் விசாரணையை ஓரளவு நேர்மையாகவே நடத்தினார் என்று அப்போது பல பேர் சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதிகளில் இன்னும் சில: ஒவ்வொரு தரப்புக்கும் நேர அளவு உண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 'ஐயத்துக்கு இடமில்லாமல்' நிரூபிக்க வேண்டும், அதாவது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் கிரிமினல் வழக்கில் எவ்வளவு ஆதாரம் வேண்டுமோ அவ்வளவு. வேலையை விட்டு அனுப்புவதற்கு அவ்வளவு ஆதாரம் எதற்கு என்று கேட்கலாம், கேட்டார்கள். பேக்ஸ்டனைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் முடிவானது. 20 குற்றச்சாட்டுகளில் நான்கு, அவர் மீது 2015 முதல் நிலுவையில் இருந்த பங்கு மோசடி வழக்கு தொடர்பானவை, தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டன. மிச்சம் 16.

இன்னொரு வாதம் சுவாரசியமானது. இந்தப் புகார்கள் எல்லாம் 2022 தேர்தலுக்கு முன்பே பத்திரிகையில் வந்தவை, மக்கள் தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்கள், மன்னித்துவிட்டார்கள், அதனால் இப்போது கேட்கக் கூடாது என்றது பேக்ஸ்டன் தரப்பு. டெக்சாஸ் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஜெயித்தால் பழைய பாவம் கழுவப்படும் என்ற வாதம் நமக்கும் புதிது இல்லை.

பிரைமரி பயம்

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் புரியாது. பிரைமரி என்பது பொதுத் தேர்தலுக்கு முன் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உள்தேர்தல். நம் ஊரில் தலைமை சீட் கொடுக்கும், அங்கே கட்சி ஆதரவாளர்கள் ஓட்டுப் போட்டு சீட் கொடுக்கிறார்கள்.

டெக்சாஸில் 1994க்குப் பிறகு மாநிலம் முழுவதற்குமான எந்தப் பதவியிலும் டெமாக்ரட் ஜெயித்ததில்லை. பெரும்பாலான தொகுதிகளிலும் இதே கதை, ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். ஆக உண்மையான தேர்தல் பிரைமரிதான். அதில் ஓட்டுப் போட வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்கள் தீவிரமானவர்கள், அவர்களுக்கு பேக்ஸ்டனைப் பிடிக்கும். ஒரு ரிபப்ளிகன் செனட்டருக்குப் பயம் எதிர்க்கட்சியிடம் இல்லை, தன் கட்சியிலேயே தனக்கு எதிராக நிறுத்தப்படக்கூடிய, பணமும் டிரம்ப் ஆதரவும் கொண்ட புது ஆளிடம்தான்.

மே 27க்கும் செப்டம்பர் 5க்கும் நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி. ஆதாரம் தயார் செய்ய அவகாசம் என்று சொல்லலாம். அதே அவகாசம் செனட்டர்களின் தொகுதிகளில் விளம்பரம் போடவும், ஆதரவாளர்களைத் தூண்டிவிட்டு போன் போட வைக்கவும் பயன்பட்டது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று பேட்ரிக் உத்தரவு போட்டது வழக்கில் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான், வெளியிலிருந்து கத்துகிறவர்களை யார் தடுப்பது?

செப்டம்பர்

முதல் நாள் பேக்ஸ்டன் வந்தார், அவருடைய வழக்கறிஞர் டோனி பஸ்பீ 'குற்றவாளி அல்ல' என்று அவர் சார்பில் சொன்னார், அதன் பிறகு பெரும்பாலான நாள் பேக்ஸ்டன் சபைக்கே வரவில்லை. மனைவி தினமும் வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே, விசாரணையே வேண்டாம், தள்ளுபடி செய்யுங்கள் என்று மனு போட்டார்கள். செனட் மறுத்தது, 24க்கு 6. இந்த எண்ணைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 12 டெமாக்ரட்டுகளோடு 12 ரிபப்ளிகன்கள் சேர்ந்து 'விசாரணை நடக்கட்டும்' என்றார்கள். 21 வேண்டிய இடத்தில் 24. ஆஹா, ஆள் தீர்ந்தார் என்று அன்று டிவியில் பேசியவர்கள் உண்டு.

கீழவை பக்கத்து வழக்கை நடத்தியது ஹியூஸ்டனின் பெரிய கிரிமினல் வழக்கறிஞர்கள் ரஸ்டி ஹார்டினும் டிக் டிகெரினும். சாட்சி சொன்னவர்கள் பேக்ஸ்டனின் முன்னாள் அதிகாரிகள், ஒவ்வொருவராக வந்து தாங்கள் எவ்வளவு பழுத்த ரிபப்ளிகன்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். எதிர்க்கட்சியின் சதி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பஸ்பீ அவர்களை ஒரே கேள்வியில் மடக்கப் பார்த்தார்: எஃப்.பி.ஐ.க்குப் போகும்போது கையில் என்ன ஆதாரம் கொண்டு போனீர்கள்? நல்ல எண்ணத்தோடு சந்தேகத்தைத்தான் சொன்னோம் என்று பதில் வந்தது. சாதாரண ஆளுக்கு இந்தப் பதில் போதும். தப்பிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருக்கும் செனட்டருக்கு 'ஆதாரம் இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள்' என்று ஊரில் சொல்லிக்கொள்ள இது போதும்.

செப்டம்பர் 16, சனிக்கிழமை தீர்ப்பு. 16 குற்றச்சாட்டுக்கும் தனித்தனி ஓட்டு. எதிலும் 14க்கு மேல் வரவில்லை. 12 டெமாக்ரட்டுகளோடு சேர்ந்த ரிபப்ளிகன்கள் கெல்லி ஹான்காக், ராபர்ட் நிக்கல்ஸ் என்ற இரண்டே பேர். முதல் நாளின் 12 பேரில் 10 பேர் பதினொரு நாளில் மறுபக்கம் போயிருந்தார்கள். ஒதுக்கி வைத்த நான்கு குற்றச்சாட்டுகளையும் கையோடு தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இதில் எனக்குத் தோன்றுவது ஒன்று. அந்தப் பத்துப் பேருக்கும் இரண்டு ஓட்டும் தேவைப்பட்டது. முதல் நாள் ஓட்டு 'நான் எதையும் மூடி மறைக்கவில்லை' என்று காட்ட, கடைசி நாள் ஓட்டு பிரைமரிக்கு. ஆதாரம் கேட்டுத்தான் மனம் மாறினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு, ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் புகுந்து பார்க்க முடியாது.

தீர்ப்பு வந்த கையோடு, அதுவரை நடுநிலையாகத் தெரிந்த பேட்ரிக் மேடையிலிருந்தே கீழவையை வறுத்தெடுத்தார். அவசரப்பட்டார்கள், மக்கள் பணத்தை வீணடித்தார்கள் என்றார். சபாநாயகர் ஃபீலன் திருப்பி, அப்படியானால் முடிவை முதலிலிருந்தே எழுதி வைத்துவிட்டுத்தான் நாடகம் நடத்தினீர்களா என்கிற அர்த்தத்தில் அறிக்கை விட்டார். இருவரும் ஒரே கட்சி.

இதுவரை: விசாரணை வேண்டும் என்று ஓட்டுப் போடுவதும் தண்டிக்க ஓட்டுப் போடுவதும் வேறு வேறு. முதலாவதற்கு ஆள் கிடைப்பது எளிது.

அப்படியானால் யாருக்குமே பதவி போனதில்லையா

போயிருக்கிறது. சொந்தக் கட்சி கைவிட்டால் போகும். இலினாய் மாநில ஆளுநர் ராட் பிளகோயெவிச் டெமாக்ரட். ஒபாமா அதிபரானதால் காலியான அமெரிக்க செனட் இடத்தை விலைக்கு விற்கப் பார்த்தார் என்று எஃப்.பி.ஐ. பிடித்தது, தொலைபேசிப் பேச்சு பதிவாகியிருந்தது. 2009 ஜனவரியில் மாநில செனட் அவரை நீக்கியது, 59க்கு 0. ஒலிப்பதிவு இருக்கும்போது பக்கத்தில் நிற்க எந்தக் கட்சிக்காரருக்கும் தைரியம் வராது.

டெக்சாஸிலேயே 1917இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன் நீக்கப்பட்டார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு மோதி அதன் நிதியை வெட்டிய மனிதர். தீர்ப்பு அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாள் ராஜினாமா செய்து, நான்தான் விலகிவிட்டேனே, இனி தேர்தலில் நிற்கக் கூடாது என்ற தண்டனை எனக்குப் பொருந்தாது என்றார். (நீக்கியதோடு விடாமல் இனி பதவியே கிடையாது என்றும் செனட் சொல்லலாம்.) அந்த வாதம் கடைசியில் எடுபடவில்லை. அதற்கென்ன, 1924இல் மனைவி மிரியம் ஃபெர்குசனை நிறுத்தினார். 'ஒரு ஆளுநர் விலையில் இரண்டு ஆளுநர்' என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள், மிரியம் ஜெயித்து டெக்சாஸின் முதல் பெண் ஆளுநர் ஆனார். பீகாரில் லாலுவும் ராப்ரி தேவியும் அதை 1997இல் செய்தபோது நாம்தான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்தோம்.

அப்புறம் என்ன நடந்தது

பேக்ஸ்டன் உடனே நாற்காலிக்குத் திரும்பினார். 2024 பிரைமரியில், தன்னை இம்பீச் செய்த ரிபப்ளிகன்களுக்கு எதிராக ஊர் ஊராகப் போனார். பதவியில் இருந்த ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தோற்றார்கள். ஆளுநர் ஆபட் வேறொரு காரணத்துக்காக, தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை எதிர்த்தார்கள் என்பதற்காக, அவர்களில் பலரை அதே நேரத்தில் குறிவைத்திருந்தார், அதனால் யார் எதனால் தோற்றார் என்று பிரிப்பது கஷ்டம். ஃபீலன் மறுவாக்கெடுப்பு வரை போய் 400க்கும் குறைவான ஓட்டில் தப்பித்தார், அந்த டிசம்பரில் சபாநாயகர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். விசாரணைக் குழுவின் தலைவர் ஆண்ட்ரூ மர் மறுபடி போட்டியிடவே இல்லை.

பங்கு மோசடி வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது: இழப்பீடு, 100 மணி நேரச் சமூக சேவை, சட்ட நெறிமுறை வகுப்பு. நேட் பால் தனியாக ஒரு வழக்கில், கடன் வாங்கப் பொய் சொன்னதாக 2025இல் ஒத்துக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் பேக்ஸ்டன் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார், ஜூலையில் ஆஞ்சலா விவாகரத்துக்கு மனு செய்தார்.

வேலை இழந்த அந்த நான்கு பேரின் வழக்கும் திரும்ப உயிர்பெற்றது, ஏனென்றால் 2023இல் பேசிய சமரசப் பணத்தைச் சட்டசபை ஒதுக்கவே இல்லை. அன்று அவர்கள் 33 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஆஸ்டின் நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது 66 லட்சம்.